டாக்டருக்குப் பதில் இவர்

சீரியலில் வரும் டாக்டர்களுக்கு வேலை ரொம்பக் குறைவு. ஆபரேஷன் தியேட்டர் கதவைத் திறந்துகொண்டு வரவேண்டும், "24 மணி நேரம் போனால்தான் எதையும் சொல்லமுடியும்" என்று சொல்லவேண்டும், போகவேண்டும். பத்தாம் வகுப்பு படிக்கும்போது நான் உருகியது அப்படி ஒரு டாக்டருக்காகத்தான்.

நாயகியின் ஆஸ்பத்திரி பில்லை யாருக்கும் தெரியாமல் கட்டிவிட்டுப் போகும் ரகம். நாயகிக்கோ அந்த ஏமாற்றுக்காரப் புருஷன் போதும். இந்த அநியாயத்தை என்னால் தாங்கவே முடியவில்லை. அக்காவுக்கு அதே சீரியலின் வில்லன். எந்நேரமும் ஜன்னல் பக்கம் திரும்பி நின்று தன் சதித்திட்டத்தைத் தானே சத்தமாகச் சொல்லிக்கொள்வான். "இந்தக் கதையிலேயே மூளை இருக்கிறது இவன் ஒருத்தனுக்குத்தான்" என்பாள். உன் டாக்டர் எல்லாவற்றையும் ஒட்டுக்கேட்டும் யாரிடமும் சொல்வதில்லையே, அது என்ன நல்ல குணம் என்று கேட்பாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் சண்டை வரும்.

வெள்ளிக்கிழமை எபிசோட் முடிகையில் யாரோ கதவைத் திறப்பார்கள். இருக்கிற அத்தனை பேர் முகத்தையும் மும்மூன்று முறை காட்டுவார்கள். தொடரும். வந்தது யார் என்று தெரிய திங்கள் வரை காத்திருக்க வேண்டும், போனில் தேடிப் பார்க்கும் வசதியெல்லாம் அப்போது ஏது? என் காதல் வளர்ந்ததே அந்தச் சனி ஞாயிறுகளில்தான். வாரம் முழுக்கச் சேர்த்தாலும் டாக்டருக்கு நாலு வரி வசனம் தேறாது. மிச்சத்தை நானே எழுதி அவரைப் பேசவைத்துக்கொள்வேன்.

அப்புறம் ஒரு திங்கட்கிழமை, கதவைத் திறந்துகொண்டு வேறு ஒரு ஆள் வந்தார். இனி இவருக்குப் பதில் இவர் என்று திரையின் கீழே ஒரு வரி. அவ்வளவுதான் அறிவிப்பு. நாயகி உட்பட ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. புதியவருக்கு மீசை வேறு. கொடுமை என்னவென்றால் குரல் மட்டும் அதே குரல். டப்பிங் கொடுப்பவரை மாற்றவில்லை போலிருக்கிறது. கண்ணை மூடினால் என் டாக்டர், திறந்தால் யாரோ ஒரு மாமா. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது, வசனம் பாதி கதாசிரியருடையது, பாதி என்னுடையது. இதில் நான் யாரைக் காதலித்தேன்? கண்ணை மூடிக்கொண்டே கொஞ்ச நாள் பார்த்தேன். தூங்குகிறாள் என்று அம்மா டிவியை அணைத்துவிட்டார்.

பெரிய இடத்துப் பாத்திரங்களுக்கு இந்த கதி இல்லை. 2000-இல் தொடங்கிய இந்தி சீரியல் 'க்யூங்கி சாஸ் பீ கபீ பஹூ தீ'யில் நாயகன் மிஹிரைச் சாகடித்தபோது ரசிகர்கள் கொந்தளித்து உயிரோடு திரும்ப வரவழைத்தார்கள். பின்னால் அவருக்கும் ஆள் மாறியது, அது வேறு விஷயம். அமெரிக்காவின் 'டல்லாஸ்' தொடரில் 1985-இல் செத்துப்போன பாபி, மறு வருடம் ஷவரில் குளித்துக்கொண்டு நின்றார். நடுவே வந்த ஒரு சீசன் முழுவதும் முன்னாள் மனைவி கண்ட கனவாம்! என் டாக்டருக்காகக் கொந்தளிக்க நான் ஒருத்திதான். அதையும் வெளியே சொல்ல முடியாது.

போன வாரம் அம்மா பார்க்கும் சீரியலில் கதாநாயகனின் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். பழைய முகம். நல்ல தொப்பை.

"இது உன் டாக்டர்தானேடி?" என்றார் அம்மா.

இத்தனை வருடமாக அம்மாவுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். ஹார்ட் அட்டாக் வந்தது அவருக்கா எனக்கா என்று புரியவில்லை. திரையைப் படம் எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்.

உடனே பதில். "ஐயோ பாவம். என் ஆள் ஏழரை மணி சீரியல்ல இப்பவும் வில்லன்தான். ஒரு முடி கொட்டலை பார்த்தியா?"

"அது விக்" என்று அனுப்பினேன்.

நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. மறுநாள் அம்மாவுக்குப் போன் போட்டு, "உன் சின்னப் பொண்ணுக்கு வாய் ரொம்ப நீளம்" என்று புகார் சொல்லியிருக்கிறாள்.