தான், தான்

பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையோடு பேச்சும் போய்விட்டது. மிஞ்சியது ஒரே சொல்: 'அதான்'. தண்ணீர் வேண்டுமென்றாலும் அதான், டிவியை நிறுத்தச் சொல்வதும் அதான். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் கத்தினார்கள், மீதிப் பேர் அவர் எதிரிலேயே பெரியம்மாவிடம் "சொல்றது எல்லாம் அவருக்குப் புரியுதா?" என்று கேட்டார்கள். புரிந்தது. அதனால்தான் அவர் முகம் அப்படிச் சுருங்கியது.

மூளை அடிபட்டு மொழி தடைபடும் இந்த நிலைக்கு அஃபேசியா என்று பெயர் இருப்பதே அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. தேடிப் படிக்க ஆரம்பித்து, லெபோர்ன் என்ற மனிதரிடம் போய் மாட்டிக்கொண்டேன். பாரிஸுக்கு அருகே பிசேத்ர் மருத்துவமனையில் 21 வருடம் கிடந்தவர். எதைக் கேட்டாலும் 'தான், தான்' என்றுதான் பதில் வரும், அதனால் அங்கே அவர் பெயரே 'தான்' ஆகிவிட்டது. (தமிழ்க் காதுக்கு இது வேறு மாதிரி கேட்கிறது, பிரெஞ்சில் அந்த ஒலிக்கும் அவர் சொல்ல நினைத்ததற்கும் சம்பந்தமில்லை.) 1861 ஏப்ரலில் கால் அழுகி, அறுவை மருத்துவர் பியர் பால் புரோக்காவிடம் அவரைக் கொண்டுவந்தார்கள். சில நாட்களில் இறந்துபோனார். புரோக்கா மூளையை எடுத்துப் பார்த்தார், இடது பக்கம் நெற்றிக்குப் பின்னால் சேதம். பேச்சுக்கு மூளையில் ஓர் இடம் உண்டு என்ற வாதத்துக்கு வலுவான சாட்சி கிடைத்துவிட்டது. பாடப்புத்தகங்களில் கதை இதோடு முடிந்துவிடும்.

எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய பகுதி. இங்கே வந்து எத்தனை வருடம் ஆயிற்று என்று புரோக்கா கேட்கிறார். வலது கை விளங்காது, இடது கையை நான்கு முறை விரித்துக் காட்டி, கடைசியில் ஒரு விரலை மட்டும் நீட்டுகிறார் லெபோர்ன். 21. மறுநாள் அதே கேள்வி, அதே பதில். மூன்றாம் முறை கேட்டதும், தன்னைச் சோதிக்கிறார்கள் என்று புரிந்து கோபத்தில் ஒரு வசவு வாயிலிருந்து தெளிவாக வருகிறது! 'தான்' தவிர எதுவும் வராத வாயில்.

இதைப் படித்தபோது சிரித்துவிட்டேன், ஏனென்றால் பெரியப்பாவும் 'சனியனே' என்று மட்டும் சுத்தமாகச் சொல்வார். வசவு, எண்ணிக்கை, பிரார்த்தனை என்று வாய் பழகிப்போனவை பல சமயம் தப்பித்துவிடுகின்றன; ஹியூலிங்ஸ் ஜாக்சன் என்ற ஆங்கில நரம்பியல் மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். யோசித்து வாக்கியம் கட்டுவது வேறு வேலை.

1874-இல் வெர்னிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இதற்கு நேர்மாறானவர்களைப் பற்றி எழுதினார். இவர்கள் தடையில்லாமல் பேசுவார்கள், பேச்சில் பொருள் இருக்காது, பிறர் சொல்வதும் பிடிபடாது. முன்னால் பேச்சு, பின்னால் புரிதல் என்று ஒரு வரைபடம் உருவாகி இன்றுவரை சுவரில் தொங்குகிறது. அந்த வரைபடத்தின்மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. புரோக்கா லெபோர்னின் மூளையை வெட்டாமல் அப்படியே பாதுகாத்து வைத்தது நல்லதாகப் போயிற்று. நீனா டிரான்கர்ஸ் என்ற மூளை ஆய்வாளரின் குழுவினர் அதை எம்ஆர்ஐ ஸ்கேனில் வைத்துப் பார்த்து 2007-இல் வெளியிட்டார்கள். சேதம் புரோக்கா குறித்த இடத்தோடு நிற்கவில்லை, உள்ளே ஆழமாக, மூளையின் முன்பகுதியையும் பின்பகுதியையும் இணைக்கும் நரம்பிழைகள் வரை போயிருந்தது. புரோக்கா பகுதி மட்டும் அடிபட்டவர்களுக்குப் பேச்சு பெரும்பாலும் விரைவில் திரும்பிவிடுகிறது என்பதும் முன்பே தெரிந்த விஷயம். ஆக, ஓர் அறை இடிந்ததால் மட்டுமல்ல, பல அறைகளுக்கு நடுவே வழி அறுந்ததாலும்தான் பேச்சு நிற்கிறது.

2023-இல் மூளையில் மின்முனைகள் வைத்து, பேச முடியாதவர்களின் பேச்சைக் கணினித் திரையில் கொண்டுவந்த செய்தி வந்ததே, அதைக் குறைந்தது ஆறு பேர் எனக்கு அனுப்பி "பெரியப்பாவுக்கு வைக்கலாமா" என்று கேட்டார்கள். அந்த நோயாளிகளுக்கு மொழி அப்படியே இருந்தது, வாய்த்தசைகளை இயக்கும் வழிதான் அடைபட்டிருந்தது. பெரியப்பாவுக்கு அறுந்தது அதற்கும் முந்தைய படியில். அங்கே சிப் எதைப் படிக்கும்? இப்போதைக்குப் பேச்சுப் பயிற்சிதான், அதுவும் மாதக்கணக்கில்.

போன வாரம் தேதி என்ன என்று கேட்டேன். நேராகப் 'பதினேழு' வராது. ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்து எண்ணிக்கொண்டே போய்ப் பதினேழில் நிற்பார், அதுதான் அவர் வழி. பதினான்கில் கொஞ்சம் திணறினார், நான் அவசரப்பட்டு "பதினஞ்சு" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"சனியனே" என்றார். அப்புறம் ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.