ஐபியா, ஏ லெவலா என்று கேட்பவர்களுக்கு

அக்கா மகள் போன மாதம் ஒரு படிவத்தைப் படமெடுத்து வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். ஐபி (இன்டர்நேஷனல் பக்கலோரியா) டிப்ளமா, பல நாட்டுப் பள்ளிகளில் கடைசி இரண்டு வருடம் படிக்கிற படிப்பு, அதற்கு என்னென்ன பாடம் எடுக்கப் போகிறாய் என்று பள்ளியில் கொடுத்த படிவம். ஆறு வரிசை, வரிசைக்கு ஒரு பாடம். அவள் நாலாவது வரிசையில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் டிக் அடித்து வைத்திருக்கிறாள், பக்கத்தில் யாரோ சிவப்பு மையில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. கீழே அவள் எழுதியிருந்தது: "சித்தி, மூணும் எடுக்கக் கூடாதாம். அப்புறம் எப்படி டாக்டர் ஆவேன்?"

நியாயமான கேள்விதான். பதில் ஒரே வரியில் இல்லை, அதனால்தான் இந்தப் பதிவு.

ஐபியில் பாடங்கள் ஆறு பிரிவாக இருக்கும். முதல் மொழி, இரண்டாம் மொழி, சமூக அறிவியல், அறிவியல், கணிதம், கலை. பிரிவுக்கு ஒன்று எடுக்க வேண்டும். கலை வேண்டாம் என்பவர்கள் அந்த இடத்தில் வேறு பிரிவிலிருந்து இன்னொரு பாடத்தை வைத்துக்கொள்ளலாம். எண்ணிப் பார்த்தால் அறிவியல் பாடம் இரண்டுக்குத்தான் வழி. மூன்றாவது வேண்டுமென்றால் பள்ளி மூலமாகத் தனி அனுமதி கேட்க வேண்டும், எந்தப் பல்கலைக்கழகம் இதைக் கேட்கிறது என்று காரணமும் காட்ட வேண்டும். பிரிட்டனில் மருத்துவம் படிக்க வேதியியலும் உயிரியலும் இருந்தால் பெரும்பாலான கல்லூரிகளுக்குப் போதும். இந்தியாவில் நீட் எழுத வேண்டுமென்றால் மூன்று அறிவியலும் படித்திருக்க வேண்டும். ஆக, அதே பெண், அதே மதிப்பெண், அதே படிவம், ஒரு நாட்டுக்குச் சரி, இன்னொரு நாட்டுக்கு முதல் படியிலேயே தள்ளுபடி. இது 16 வயதில், ஒரு டிக்கில் முடிவாகிவிடுகிறது.

"ஐபி கஷ்டமா, பிரிட்டனில் பள்ளி முடிக்கும்போது எழுதும் ஏ லெவல் கஷ்டமா" என்று கேட்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைந்துகொண்டே வருகிறது. கஷ்டம் எல்லாவற்றிலும் உண்டு. பள்ளி முடிக்கும்போது எழுதும் ஒரு தேர்வைப் பற்றி நான் கேட்பது இரண்டே கேள்வி: இது எத்தனை பாடத்தைக் கையில் விட்டுவைக்கிறது, பாஸ் செய்தால் கிடைப்பது உரிமையா, வரிசையில் ஒரு இடம் மட்டுமா.

முதல் கேள்விக்கு ஐபியும் ஏ லெவலும் இரண்டு எதிர் முனைகள். ஐபியில் ஆறு பாடம், வழக்கமாக மூன்று ஹையர் லெவல் (கூடுதல் ஆழம்), மூன்று ஸ்டாண்டர்டு லெவல், பாடத்துக்கு அதிகபட்சம் 7 புள்ளி. அதற்கு மேல் 4000 வார்த்தை வரைக்கும் ஒரு ஆய்வுக் கட்டுரை, அறிவைப் பற்றியே யோசிக்கிற ஒரு பாடம், இரண்டுக்கும் சேர்த்து 3 புள்ளி. மொத்தம் 45. குறைந்தது 24 இருந்தால்தான் டிப்ளமா. புள்ளி கணக்கில் வராத விளையாட்டு, சேவை எல்லாம் தனி, ஆனால் அதைச் செய்யாவிட்டாலும் டிப்ளமா கிடையாது. கணக்கில் கெட்டிக்காரப் பையனையும் இன்னொரு மொழியில் கட்டுரை எழுத வைத்துவிடுவார்கள், தப்பிக்க முடியாது.

ஏ லெவல் நேர் எதிர். 1951இல் தொடங்கியது. பெரும்பாலானவர்கள் எடுப்பது மூன்று பாடம், அவ்வளவுதான். வரலாறு பிடிக்கவில்லையா, 16 வயதோடு கும்பிடு போட்டுவிடலாம். பதிலுக்கு அந்த மூன்றிலும் வெகு ஆழம் போவார்கள். எது வேண்டும் என்று தெளிவாகத் தெரிந்த பிள்ளைக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. தெரியாத பிள்ளைக்கு இது ஒரு கண்ணி, அதிலும் நண்பர்கள் எடுக்கிறார்கள் என்பதற்காகப் பாடம் தேர்ந்தெடுத்த பிள்ளைக்கு.

பிரிட்டனில் இன்னொரு விசித்திரம். தேர்வு எழுதுவதற்கு முன்பே ஆசிரியர்கள் இவனுக்கு இன்ன கிரேடு வரும் என்று ஊகித்துக் கொடுப்பார்கள், அதை வைத்துப் பல்கலைக்கழகம் "ஏ, ஏ, பி வாங்கினால் வா" என்று நிபந்தனையோடு இடம் தரும். ஆகஸ்டில் ரிசல்ட் வரும்போது அந்த நிபந்தனை நிறைவேறியதா என்று பார்ப்பார்கள். ஏறக்குறைய பேரம் பேசுவது மாதிரி.

இதே பெயரில் இலங்கையில் ஒரு தேர்வு இருக்கிறது, க.பொ.த. (கல்விப் பொதுத் தராதர) உயர்தரம். அதிலும் மூன்று முதன்மைப் பாடம், அதிலும் ஏ, பி, சி. பெயரைப் பார்த்து இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொள்ளும் வெளிநாட்டுச் சொந்தக்காரர்கள் எனக்கு உண்டு. இல்லவே இல்லை. இலங்கையில் பேரம் கிடையாது, இசட் புள்ளிதான் எல்லாம். அதாவது உன் மதிப்பெண் அந்தப் பாடம் எழுதிய எல்லோருடைய சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்ற கணக்கு. கடினமான பாடம் எடுத்தவரும் லேசான பாடம் எடுத்தவரும் ஒரே தராசில் நிற்பதற்காக அப்படி. அதற்கு மேல் மாவட்டம் வருகிறது. பெரும்பாலான துறைகளில் 40 விழுக்காடு இடம் நாடு முழுவதற்குமான தகுதி வரிசைப்படி, 55 விழுக்காடு மாவட்டங்களுக்குப் பிரித்து, 5 விழுக்காடு பின்தங்கிய மாவட்டங்களுக்குக் கூடுதலாக. மூன்று ஏ வாங்கியும் மருத்துவம் கிடைக்காமல் மறுபடி உட்காருகிறவர்கள் அங்கே உண்டு. மூன்று தடவை எழுதலாம். அரசுப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பு இலவசம் என்பதால் அந்த ஒவ்வொரு இடத்துக்கும் அவ்வளவு போட்டி.

சரி, இரண்டாவது கேள்வி. பள்ளி இறுதித் தேர்வுகளான ஜெர்மனியின் அபிட்டூரும் பிரான்சின் பக்கலோரியாவும் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம், இரண்டும் அடிப்படையில் உரிமைச் சீட்டுகள். அபிட்டூர் 1788இல் பிரஷ்யாவில் ஆரம்பித்தது, பக்கலோரியா 1808இல் நெப்போலியன் காலத்தில். பாஸ் செய்தவருக்குப் பல்கலைக்கழகத்தில் சேரத் தகுதி உண்டு, தனி நுழைவுத்தேர்வு பெரும்பாலும் வேண்டாம். அபிட்டூரில் மொத்தம் 900 புள்ளி. அதில் 600 கடைசி இரண்டு வருட வகுப்புப் படிப்பிலிருந்தே வந்துவிடும், இறுதித் தேர்வுக்கு 300தான். காய்ச்சலோடு ஒரு நாள் எழுதியதால் வாழ்க்கையே போச்சு என்கிற நிலை இல்லை. கடைசியில் எல்லாவற்றையும் 1.0 முதல் 4.0 வரை ஒரு எண்ணாக மாற்றித் தருவார்கள், இதில் 1.0தான் உச்சம். (எங்கள் வீட்டில் ஒருவர் 1.3 என்றதும் "பாவம்" என்றார்.) ஆனால் அங்கேயும் மருத்துவம் போன்ற படிப்புக்கு இடம் குறைவு, அந்த எண் நன்றாக இருந்தாக வேண்டும். உரிமை இருக்கிறது, நாற்காலி இல்லை.

பிரான்சில் 20க்கு 10 வந்தால் பாஸ். 8 வாங்கி 10ஐத் தொடாதவர்களுக்கு உடனே வாய்மொழித் தேர்வில் இன்னொரு வாய்ப்பு. தத்துவத்துக்கு நாலு மணி நேரப் பரீட்சை, அது வேறெங்கும் இந்த அளவுக்கு இல்லை. 2021இலிருந்து 40 விழுக்காடு மதிப்பெண் வகுப்பு மதிப்பீட்டுக்குப் போய்விட்டது. 2018இல் வந்த பார்கூர்சூப் என்ற இணையதளத்தில் கல்லூரிக்கு விண்ணப்பிப்பதோ வசந்த காலத்திலேயே, தத்துவத் தேர்வு நடப்பது ஜூனில். அதாவது இறுதி ரிசல்ட் வரும் முன்பே பெரும்பாலும் எங்கே சேரப்போகிறோம் என்று தெரிந்துவிடுகிறது. பிறகு எதற்கு அந்த நாலு மணி நேரம் என்று பிரெஞ்சுப் பிள்ளைகள் கேட்பதில் எனக்கு ஆச்சரியமில்லை.

எதிர்ப்பக்கத்தில், வரிசையில் ஒரு இடம் மட்டுமே தருகிற சீனாவின் பல்கலைக்கழக நுழைவுத்தேர்வு, காவ்கவ். ஜூன் 7ஆம் தேதி தொடங்கும், பெரும்பாலான மாகாணங்களில் மொத்தம் 750. சீனம், கணிதம், வெளிநாட்டு மொழி மூன்றுக்கும் தலா 150, மீதி 300 மூன்று விருப்பப் பாடங்களில். கலாச்சாரப் புரட்சியில் பத்து வருடம் நின்றுபோய் 1977இல் மறுபடி நடந்தபோது, வயலில் வேலை செய்துகொண்டிருந்தவர்களும் வந்து எழுதினார்கள். இதில் வகுப்பு மதிப்பெண் சேராது, பேரமும் இல்லை. கொடூரம் என்று பலர் சொல்வார்கள். சிபாரிசு செல்லாது என்பதற்காகவே அதை ஆதரிக்கிறவர்களும் அங்கே நிறைய, அதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

எந்தத் தேர்வும் எழுதாமல் தொழிற்கல்விக்குப் போகும் வழியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். ஜெர்மனியில் 2009க்குப் பிறகு, கைத்தொழிலில் மைஸ்டர் (தேர்ந்த தொழிலாளர்) பட்டம் வாங்கியவர் அபிட்டூர் இல்லாமலே பல்கலைக்கழகம் போகலாம் என்று ஆனது. இதை மட்டும் இப்போதைக்குக் குறித்து வைக்கிறேன்.

அக்கா மகளிடம் நான் சொன்னது, முதலில் நாட்டைச் சொல்லு, அப்புறம் பாடத்தைச் சொல்லு என்று. இரண்டு நாள் கழித்துப் பள்ளி ஒருங்கிணைப்பாளரிடம் பேசி, மூன்றாவது அறிவியலுக்கு அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். நேற்று இன்னொரு வாட்ஸப். "சித்தி, வரலாறு ஹையர் லெவல் எடுத்தா என்ன?" எடுத்துக்கோ என்றேன். டாக்டர் விஷயத்தை நானும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.