வீட்டாவில் ஓட்டை திறக்கக் காத்திருந்த கதை

2018 தீபாவளி. உட்லண்ட்ஸ் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகன் என் பிஎஸ் வீட்டாவை (சோனியின் கையடக்க விளையாட்டுக் கருவி) எடுத்துக்கொண்டு அறைக்குள் போனான். முறுக்குத் தட்டோடு நான் எட்டிப் பார்த்தபோது திரையில் பட்டை பாதி நிரம்பியிருந்தது.

"ஸ்டோருக்குள்ள போக அப்டேட் கேட்டுச்சு மாமா, ஓகே குடுத்துட்டேன்."

3.68இல் இருந்த ஃபர்ம்வேர் (கருவியின் அடிப்படை மென்பொருள்) 3.69 ஆகிவிட்டது. பண்டிகை நாளில் பிள்ளையைத் திட்ட முடியுமா? முறுக்கைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்த ஜூலையில்தான் தஃப்ளோ என்ற ஹேக்கர், சோனி அனுமதிக்காத மென்பொருளையும் வீட்டாவில் ஓட்டவிடும் எச்-என்கோரை வெளியிட்டிருந்தார். 'பிட்டர் ஸ்மைல்' என்ற விளையாட்டின் இலவச டெமோ, அதன் சேவ் கோப்பில் ஓட்டை. கியூசிஎம்ஏ என்ற மென்பொருள் வழியாகக் கணினியிலிருந்து அனுப்பி, சி2-12828-1 பிழையை நான்கு தடவை பார்த்து, ஐந்தாவது தடவை உள்ளே நுழைந்தேன். ரெட்ரோஆர்ச் போட்டுப் பழைய விளையாட்டுகளை ஆடிக்கொண்டிருந்தேன். அணைத்துப் போட்டால் மறுபடி முதலிலிருந்து ஓட்டவேண்டும், அது ஒன்றுதான் தொல்லை. செப்டம்பரில் சோனி 3.69 கொண்டுவந்து அந்த ஓட்டையை அடைத்தது. நான் அப்டேட் செய்யாமல் பத்திரமாக இருந்தேன், தீபாவளி வரை.

அப்புறம் 3.69க்கும் ஓட்டை திறக்கக் காத்திருப்பு. வைஃபையை அணைத்து, பின்பக்கம் டேப் ஒட்டி 'தொடாதே' என்று எழுதினேன்.

ஓட்டையைக் கண்டுபிடித்தவுடனே வெளியிட்டால் என்ன என்று முன்பெல்லாம் எரிச்சல் வரும். ஆனால் 2016 ஜூலையில் 3.60க்கு ஹென்காகு என்ற ஹேக் வந்ததும், கொஞ்ச நாளிலேயே சோனி 3.61 விட்டது. வெளியிட்ட கையோடு ஓட்டையின் ஆயுள் எண்ணப்படுகிறது. அதற்காகப் பூட்டியே வைக்கவும் முடியாது. நிண்டெண்டோவின் ஸ்விட்ச் கருவிக்கான ஃப்யூசே ஜெலே என்ற ஹேக் 2018 ஜூன் நடுவில் வருவதாக இருந்தது. சில்லு செய்த என்விடியா, நிண்டெண்டோ இரண்டுக்கும் முன்பே சொல்லியாயிற்று. வேறு யாரோ கசியவிட, ஏப்ரலிலேயே வெளிவந்தது. அது சில்லின் பூட் ரோமில் (கருவி தொடங்கும்போது முதலில் ஓடும், மாற்ற முடியாத நிரல்) இருந்த பிழை. விற்ற கருவிகளுக்கு எந்த அப்டேட்டும் மருந்தில்லை, அதனால் நாள் முந்தியதில் நமக்கு நட்டமில்லை. வீட்டா அப்படியில்லை. நாள் பார்த்துத்தான் விடவேண்டும்.

2019 மார்ச்சில் வீட்டா தயாரிப்பு நின்றது. மே மாதம் 3.69, 3.70 இரண்டுக்கும் டிரினிட்டி என்ற புது ஹேக் வந்தது. இந்த முறை பிஎஸ்பி விளையாட்டு ஒன்றின் வழியே மூன்று கட்டமாக நுழையவேண்டும். மொடொரு என்ற மென்பொருளால் ஃபர்ம்வேரை 3.65க்கு இறக்கும்போது சார்ஜரைச் செருகியபடி மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் ஹேக்கை நிலையாக்கும் என்சோ. இப்போது அணைத்துப் போட்டாலும் போகாது.

இனி சோனிக்கு வீட்டா நினைவிருக்காது என்று நினைத்தேன். ஜூலையில் 3.71 வந்தது!

அடுத்த வேலை, சோனியின் 8 ஜிபி மெமரி கார்டைக் கழற்றிவிட்டு சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டைப் பயன்படுத்த உதவும் எஸ்டி2வீட்டா அடாப்டர் போடுவது. ஆர்டர் செய்தாயிற்று, தபாலில் வரவேண்டும்.