‘எல்லோரும்’ என்பதற்கு எதிர் ‘ஒருவருமில்லை’ அல்ல

எம்.பி.ஏ. சேர்க்கைக்கான ஜிமேட் தேர்வில் இரண்டாம் முயற்சியில் 665. முதல் முறை 595. திரையில் எண்ணைப் பார்த்ததும் மகிழ்ச்சிக்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. நடுவில் போன நான்கு மாதங்களையும் ஒரே ஒரு தவறு தின்றிருக்கிறது. கணிதம் இரண்டு முறையும் 83. அதைப் பற்றிப் பேச எனக்கு அருகதை இல்லை. தரவுகளைப் படித்து விடை சொல்லும் டேட்டா இன்சைட்ஸ் மூன்று புள்ளி ஏறியது. மொழிப் பகுதியான வெர்பல் 76இலிருந்து 84. அந்த எட்டும் கிரிட்டிக்கல் ரீசனிங் (ஒரு சின்ன வாதத்தைக் கொடுத்து அதைச் சோதிக்கச் சொல்லும் வினாக்கள்) தந்தவை, அதிலும் ‘இதனால்தான் அது நடந்தது’ என்று அடித்துச் சொல்லும் பத்திகள் தந்தவை என்பேன். (இதுவும் ஒரு காரண வாதம்தான். அதே நான்கு மாதங்களில் நான் ஒழுங்காகத் தூங்கவும் ஆரம்பித்திருந்தேன்.)

இந்தப் பத்திகளில் நான் தடுக்கி விழுந்தது அசம்ப்ஷன் கேட்கும் வினாக்களில். அதை ‘அனுமானம்’ என்று எழுதினால் இன்ஃபெரன்ஸும் (சொன்னதிலிருந்து நாம் பெறும் முடிவு) அதற்குள் வந்துவிடுகிறது. அதனால் எடுகோள் என்றே எழுதுகிறேன்: வாதம் வாய்விட்டுச் சொல்லாதது, ஆனால் அது இல்லாமல் வாதம் நிற்காது.

எடுகோளைக் கண்டுபிடிக்க, விடைத் தெரிவை எதிர்மறையாக்கு, வாதம் சரிந்தால் அதுவே விடை. இந்த நெகேஷன் முறையைப் பயிற்சி வகுப்பில் எல்லோருக்கும் சொல்லித் தருகிறார்கள். எனக்கும் சொன்னார்கள். எப்படி எதிர்மறையாக்குவது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் விழுந்த பள்ளம் எது என்று காட்ட, நானே எழுதிய ஒரு வினா:

ஒரு நூலகம் மூடும் நேரத்தை மாலை 6இலிருந்து இரவு 9 ஆக்கியது. அடுத்த ஆறு மாதங்களில் இரவல் போன நூல்கள் கூடின. ஆகவே நேர நீட்டிப்பே காரணம். இந்த வாதத்தின் எடுகோள் எது?

அ) நேரத்தை நீட்டித்த வேறு நூலகங்களிலும் இரவல் கூடியது.
ஆ) கூடுதலாக நூல் எடுத்தவர்கள் எல்லோரும் மாலை 6க்குப் பிறகு வந்தவர்கள்.
இ) ஒருவர் எடுக்கக்கூடிய நூல்களின் எண்ணிக்கையை அதே காலத்தில் உயர்த்தியது மட்டுமே இந்த ஏற்றத்துக்குக் காரணமாக இருக்கவில்லை.

பழைய நான் கண்ணை மூடிக்கொண்டு ‘ஆ’வைத் தொட்டிருப்பேன். ‘எல்லோரும் வந்தார்கள்’ என்பதை ‘ஒருவரும் வரவில்லை’ என்று புரட்டுவேன், வாதம் படுத்துவிடும், விடை கிடைத்த நிம்மதி. சரியான எதிர்மறை ‘எல்லோரும் அல்ல’ என்பதுதான். பத்துப் பேர் காலையிலேயே வந்து போனாலும் வாதத்துக்கு ஒன்றும் ஆகாது. ‘அ’ வலுசேர்க்கும், ஆனால் அது பொய்யானாலும் வாதம் பிழைத்துக்கொள்ளும். ‘இ’யைப் புரட்டிப் பாருங்கள்: எண்ணிக்கையை உயர்த்தியது மட்டுமே காரணம். முடிந்தது கதை.

என் நோட்டுப் பக்கம் அப்படியே:

- எல்லாம் × எல்லாம் அல்ல
- சில × ஒன்றுகூட இல்லை
- பெரும்பாலானவை × பாதி அல்லது அதற்கும் குறைவு
- இது மட்டுமே × வேறும் உண்டு
- இது இல்லாமல் அது நடக்காது × இது இல்லாமலும் நடக்கலாம்

இதை இரண்டு வாரம் காலையில் தேநீரோடு எழுதினேன். நூற்றுக்கணக்கில் மாதிரி வினாக்கள் போடுவதைவிட இதுவே உதவியது. எனக்கு.

அடுத்து, ஓட்டை எங்கே என்று தேடுவது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்கெல்லாம் தெரியும் என்பதே ஒரு வம்பு. ‘தற்செயல்’ என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். கேட்க வேண்டிய கேள்விகள் இன்னும் மூன்று இருக்கின்றன. பழம் ஆடியதால்தான் காக்கை வந்ததா? காற்று இரண்டையும் அசைத்ததா? காக்கை வராவிட்டாலும் பழம் விழுந்திருக்குமா? கடைசிக் கேள்வியை நான் எப்போதும் மறப்பேன். அதற்கு ஓர் உதாரணம். 1854இல் லண்டனில் காலரா பரவியபோது மருத்துவர் ஜான் ஸ்னோவின் பேச்சைக் கேட்டு பிராட் தெருத் தண்ணீர் பம்பின் கைப்பிடியைக் கழற்றினார்கள். அதனால் நோய் அடங்கியது என்று கதை முடியும். ஆனால் கைப்பிடியைக் கழற்றும் முன்பே சாவு எண்ணிக்கை இறங்கத் தொடங்கிவிட்டது. மக்கள் பலர் அந்தப் பகுதியைவிட்டு ஓடியிருந்தார்கள். ஸ்னோவே இதை ஒப்புக்கொண்டார். தண்ணீர்தான் காரணம் என்பதில் அவர் சொன்னது சரி; கைப்பிடி மட்டும் அதற்கு நல்ல சாட்சி அல்ல. இந்த வித்தியாசம் பிடிபட்ட நாளில் எனக்குப் பாதி பயம் போயிற்று.

மற்றவை சுருக்கமாக:

- முடிவு வாக்கியத்தை முதலில் பிடியுங்கள். கிறுக்கிப் பார்க்கும் ஸ்க்ராட்ச் பலகையில் ‘க → வி’ என்று காரணத்தையும் விளைவையும் போட்டால் போதும்.
- பத்தியோடு சண்டை போடாதீர்கள். பொறியியல் படித்த எனக்கு இது பெரிய வியாதி; எரிபொருள் பற்றிப் பத்தி வந்தால் திருத்தப் போய்விடுவேன்.
- நெகேஷனை ஐந்து தெரிவுகளுக்கும் செய்தால் நேரம் போய்விடும். கடைசி இரண்டுக்கு மட்டும். வெர்பலில் 23 வினாவுக்கு 45 நிமிடம்தான்.
- தீவிரச் சொல் இருந்தாலே தவறான விடை என்பார்கள். முடிவே தீவிரமாக இருந்தால் எடுகோளும் அப்படி இருக்கலாம்.

தேர்வின் ஒவ்வொரு பகுதி முடிவிலும் மூன்று விடைகள் வரை மாற்றலாம். அந்தப் பக்கமே நான் போகவில்லை. என்னைப் போன்ற சந்தேகப் பிராணி அங்கே போனால் மூன்றையும் மாற்றிவிட்டுத்தான் திரும்பும். நிதானமான ஆட்களாக இருந்தால் நீங்கள் போங்கள்.