ராஜாவே கேட்டு வாங்கிய ஷார்ட்ஹேண்ட்

டைப்ரைட்டிங்கிலும் ஷார்ட்ஹேண்டிலும் ஹையர் பாஸ் செய்துவிட்டு, வேலைக்காலம் முழுக்க அடுத்தவர் பேச்சைக் குறிப்பெடுத்தவள் நான். அதனாலோ என்னவோ, பதினேழாம் நூற்றாண்டில் மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த இங்கிலாந்து உள்நாட்டுப் போரைப் பற்றிப் படிக்கும்போது என் மனம் சார்லஸ் மன்னரிடமோ நாடாளுமன்றப் படைத் தலைவர் கிராம்வெல்லிடமோ நிற்பதில்லை. ஜான் ரஷ்வொர்த்திடம் போய்விடுகிறது. நாடாளுமன்றத்தின் கீழவையான காமன்ஸ் சபையின் உதவி எழுத்தர் அவர்.

முதலாம் சார்லஸ் 11 வருடம் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டவர். ஸ்காட்லாந்துக்காரர்களோடு சண்டை வந்து கஜானா காலியானதும் வேறு வழியில்லாமல் கூட்டினார். கூடிய சபை அவர் சொன்னபடி ஆடவில்லை. ஜான் பிம், ஹாம்ப்டன் உள்பட ஐந்து உறுப்பினர்கள்மேல் ராஜத்துரோகக் குற்றம் சுமத்தி, 1642 ஜனவரி 4 அன்று ஆயுதம் தாங்கிய கூட்டத்தோடு தானே அவர்களைப் பிடிக்க வந்துவிட்டார்.

வெளியே நிற்கும் ஆட்கள் உள்ளே இருப்பவர்கள் கண்ணில் படட்டும் என்று கதவைச் சாத்தவிடாமல் ஒரு பிரபு சாய்ந்துகொண்டு நின்றார். ராஜா நேராகப் போய், சபாநாயகர் லெந்தாலிடம் நாற்காலியைக் கொஞ்சம் கொடுக்கச் சொன்னார். ஐவரும் எங்கே என்று கேட்டார். அவர்கள் முன்னமே தேம்ஸில் படகேறிப் போயாயிற்று. லெந்தால் மண்டியிட்டார். இந்தச் சபை காட்டுவதைப் பார்க்கத்தான் எனக்குக் கண், அது சொல்லச் சொல்வதைச் சொல்லத்தான் நாக்கு, என்றார். பறவைகள் பறந்துவிட்டன என்று சொல்லி ராஜா வெளியேறினார்.

இத்தனையும் நடக்கும்போது ரஷ்வொர்த்தின் பேனா நிற்கவில்லை. சொந்த ராஜா படையோடு எதிரில் நிற்கும்போது கை நடுங்காமல் ஷார்ட்ஹேண்ட் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். மேலதிகாரி குரலை உயர்த்தினாலே கோடு கோணிப்போகும்.

அவர் எழுதுவதை ராஜா கவனித்திருக்கிறார். அன்று மாலையே ஆளனுப்பிக் குறிப்பைக் கேட்டார். ரஷ்வொர்த் உடனே நீட்டிவிடவில்லை. சபையில் ஒருவர் பேசியதை ராஜாவிடம் போய்ச் சொன்ன உறுப்பினர் டவர் எனும் லண்டன் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டதை நினைவூட்டினார். மற்றவர் பேசியதை நான் கேட்கவில்லை, நான் பேசியதைத்தான் கேட்கிறேன் என்றார் ராஜா. அப்புறம்தான் ரஷ்வொர்த் ராஜாவின் எதிரிலேயே உட்கார்ந்து நகலெடுத்துக் கொடுத்தார். அந்தப் பேச்சு அச்சாகி வெளிவந்தது. தன் வாயால் சொன்னதற்கு ஒரு எழுத்தரின் தாளை நம்ப வேண்டிய நிலை, கடவுள் கொடுத்த அதிகாரம் என்று சொல்லிக்கொண்ட மன்னருக்கு!

சில நாளில் சார்லஸ் லண்டனை விட்டுப் போனார். ஆகஸ்டில் போர். 1649 ஜனவரி 30 அன்று தலை போயிற்று. லெந்தாலும் கடைசிவரை அதே லெந்தாலாக இல்லை. முடியாட்சி திரும்பிய 1660இல், மன்னரைக் கொன்ற வழக்கில் குற்றவாளியாக நின்ற தாமஸ் ஸ்காட் என்ற உறுப்பினர் சபைக்குள் பேசியதை லெந்தால் சாட்சியாகச் சொன்னார். ஸ்காட் கொல்லப்பட்டார். இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ரஷ்வொர்த் அந்தக் காலத்து ஆவணங்களையெல்லாம் தொகுத்துப் பெரிய பெரிய நூல்களாக்கினார். அந்த மாலை நடந்ததும் அதில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட மனிதர் கடனாளியாகி, 1690இல் சௌத்வார்க் சிறையில் இறந்தார். பிம்மைப் பற்றி எழுதுகிறவர்கள் இவரையும் இரண்டு வரியாவது எழுத வேண்டும்.