மொரீஷியஸில் தொலைந்த மஞ்சப் பை

ஞாயிற்றுக்கிழமை காலை, காத்ர் போர்ன் என்ற ஊரின் துணிச் சந்தை நடுவில் நின்று நான் கத்தியது ஒரே ஒரு சொல்: "ஐயோ!" இருபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். பக்கத்துக் கடையில் சட்டை பார்த்துக்கொண்டிருந்த சீனக் கிழவர் ஒருவர், "அயோ, கின் அரிவே?" என்றார். மொரீஷியஸில் யாராக இருந்தாலும் பதறினால் வாயில் வருவது "அயோ"தான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். நம் ஆட்கள் கொண்டுபோன சொற்களில் அந்த ஒன்று எல்லார் வீட்டுக்குள்ளும் போய்விட்டது. "கின் அரிவே" என்றால் அந்த ஊர்ப் பேச்சு மொழியான கிரியோலில் "என்ன ஆச்சு".

ஆனது இதுதான். ஃபிளிக்-ஆன்-ஃபிளாக் கடற்கரையிலிருந்து நானும் அத்தையும் (என் மாமியார், வயது 73) பஸ்ஸில் வந்தோம். இறங்கும்போது அத்தையின் கையை நான் பிடித்தேன், குடையை அத்தை பிடித்தார், மஞ்சப் பையை யாரும் பிடிக்கவில்லை. அதற்குள் எங்கள் இரண்டு பாஸ்போர்ட், அத்தையின் பிரஷர் மாத்திரை, விபூதிச் சம்புடம், கொஞ்சம் பணம், கும்பகோணத்திலிருந்து சுட்டு எடுத்து வந்த முறுக்கில் மிச்சம். பாஸ்போர்ட்டைப் போய் மஞ்சப் பையில் வைப்பார்களா என்று கேட்காதீர்கள். "தோல் பைதான் திருடன் கண்ணுல படும், மஞ்சப் பைய எவன் தொடுவான்" என்றார் அத்தை. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது. திருடு போகவில்லையே, நாங்களாகத்தானே விட்டுவிட்டு இறங்கினோம்.

அன்று 2025 பிப்ரவரி 9. வியாழன் 13ஆம் தேதி விமானம். நடுவில் செவ்வாய் 11ஆம் தேதி தைப்பூசம். மொரீஷியஸில் தைப்பூசக் காவடி நாடு முழுக்கப் பொது விடுமுறை. அதைப் பார்க்க வேண்டும் என்று நாள் பார்த்து டிக்கெட் போட்டதே நான்தான். இப்போது அந்த விடுமுறையே குறுக்கே நின்றது. வேலை நடக்கக்கூடிய நாள் திங்களும் புதனும் மட்டும்.

நாங்கள் ஏன் அங்கே போனோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அத்தையின் தாத்தாவுக்கு ஒரு சித்தப்பா இருந்தாராம், கப்பலேறி "மோரீசுக்கு"ப் போனவர் திரும்பவில்லையாம். அத்தைக்கு மோரீஸ் என்றால் இதுநாள்வரை வாழைப்பழம் மட்டும்தான். சீட்டுப் பணம் கையில் வந்தபோது, "காசிக்கு எல்லாரும் போறாங்க, நாம மோரீஸ் போவோம்டீ" என்றார். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் பாஸ்போர்ட் அவர் சட்டைப்பையில் இருந்திருக்கும்.

சந்தையில் என் பக்கத்தில் வந்து நின்றவர் ஐம்பது வயதுப் பெண். அடர் ரோஜா நிறப் புடவை, கழுத்தில் மாலை. காவடி விரதக்காரர். கொடியேறியது முதல் பத்து நாள் அசைவம் கிடையாது, பாயில்தான் படுக்கை. அவருக்குத் தமிழ் பேச வராது. "வாங்க", "தண்ணி", "சாமி", "சாப்பாடு" என்று கோயிலைச் சுற்றிய சொற்கள் சில இருந்தன. மீதி கிரியோலும் கொஞ்சம் இங்கிலீஷும். என் கையைப் பிடித்துக்கொண்டு "பா த்ராகாஸே, பா த்ராகாஸே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கவலைப்படாதே என்று அர்த்தமாம். நான் "அக்கா" என்றேன். அந்தச் சொல் அவருக்குத் தெரிந்திருந்தது.

அக்காவின் முகத்தைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. காரணம் பாஸ்போர்ட் இல்லை.

முந்தின நாள் சாயங்காலம் கோர் த கார்த் மலைச் சரிவில் இருக்கும் ஸ்ரீ சிவ சுப்பிரமணியர் திருக்கோயிலுக்குப் போயிருந்தோம். படியேறி நின்றால் ஊரே கீழே தெரிகிறது. பூஜைக்குப் பின் பெண்கள் உட்கார்ந்து முருகன் பாட்டுப் பாடினார்கள். பிரெஞ்சு எழுத்தில் அச்சடித்த தமிழ்ப் பாட்டுப் புத்தகம். ழகரம் கிடையாது, ளகரம் கிடையாது, சொல்லை உடைக்கிற இடமெல்லாம் தப்பு. நான் அதைப் போனில் பிடித்து, விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை மூன்றைப் போட்டு எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினேன். முன் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு உரக்கப் பாடிய அம்மாள் இவர்தான்.

அக்கா எங்களைத் தன் காரில் ஏற்றி முதலில் பஸ் நிலையத்துக்குக் கூட்டிப்போனார். எங்கள் பஸ் எப்போதோ கிளம்பிப் போய்விட்டது. பிறகு ஒருவருக்குப் போன் செய்தார். அவர் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர். அங்கே அரசுப் பள்ளிகளிலேயே தமிழ் பாடம் உண்டு. வந்து இறங்கியதும் கைகூப்பி, "தாங்கள் அஞ்ச வேண்டாம். காவல் நிலையம் செல்வோம்" என்றார். அப்படித்தான் பேசினார், கடைசிவரை. அவர் தமிழைப் புத்தகத்தில் படித்தவர். பேச்சுத் தமிழ் கேட்க ஆள் இல்லை. "வண்டியில ஏறுங்க" என்பதைக்கூட அத்தைக்கும் அவருக்கும் நடுவில் நான் இரண்டு முறை மொழிபெயர்த்தேன்.

காவல் நிலையத்தில் ஒரு மணி நேரம். பாஸ்போர்ட் எண், நாட்டுக்குள் வந்த தேதி, தங்கும் இடம், எந்த பஸ், எத்தனை மணி. எண் எனக்கு மனப்பாடம் இல்லை. ஆனால் டிக்கெட் போடும்போது மகன் இரண்டு பாஸ்போர்ட்டையும் ஸ்கேன் செய்து வைத்திருந்தான். ஐந்து நிமிடத்தில் திருச்சியிலிருந்து வந்துவிட்டது. நீங்கள் இதை எதற்காகப் படித்தாலும் சரி, இன்றே உங்கள் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து, கூட வராத ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

"பை எப்படி இருக்கும்?" என்று கேட்டார் காவலர். மஞ்சள் என்றேன். படம் இருக்கிறதா என்றார். யோசித்தேன். இருந்தது ஒரே ஒரு இடத்தில்தான். அந்தக் கோயில் வீடியோவின் கடைசியில், அத்தையின் மடியில்.

போனை மேசைக்கு அடியில் வைத்து, சத்தத்தை அணைத்து, கடைசி நொடிக்குத் தள்ளப் பார்த்தேன். விரல் நடுங்கியதில் முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. அக்கா எட்டிப் பார்த்தார். "ம்வா சா!" என்று கூவினார். நான்தான் அது! காவலருக்குக் காட்டினார், ஆசிரியருக்குக் காட்டினார், சத்தத்தைக் கூட்டச் சொன்னார். முழுப் பாட்டும் காவல் நிலையத்தில் ஓடியது. பிறகு ஆசிரியர் வழியாகக் கேட்டார்: "இந்தியாவில் தங்கள் உறவினர்க்கு இதை அனுப்பினீர்களா? அவர்கள் என்ன கூறினார்கள்?"

"ரொம்ப நல்லா இருக்குன்னாங்க" என்றேன்.

அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு அனுப்பு என்று போனை நீட்டினார். பொம்மைகள் இல்லாமல் அனுப்பினேன்.

அன்றே குழுவிலிருந்து அழித்தேன். அதற்குள் நாத்தனார் வேறு இரண்டு குழுவுக்கு அனுப்பியிருந்தார்.

போலீஸ் கொடுத்த மெமோவை எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனோம். விடுதிக்கு விடவே இல்லை. மாத்திரைச் சீட்டும் மகனிடமிருந்து வந்தது. மருந்துக் கடையில் அதே மாத்திரை வேறு பெயரில் கிடைத்தது. ராத்திரிச் சாப்பாட்டுக்கு ஒரு கீரை. "ப்ரேத் மூரும்" என்றார் அக்கா. அத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, "முருங்கக்கீரைடீ" என்றார். ரசத்தை "ராசோன்" என்கிறார்கள். மொழி தட்டில்தான் மிச்சமிருக்கிறது என்று நினைத்தேன், அப்புறம் அதுவும் தப்பென்று ஆயிற்று.

பையோடு பணமும் போனதால், கைச்செலவுக்கு என்று அக்கா மொரீஷியஸ் நூறு ரூபாய்த் தாள்கள் சிலவற்றைத் திணித்தார். அத்தை கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, தாளில் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தார். தமிழ். அந்த நூறு ரூபாயில் இருக்கும் படமும் ரங்கநாதன் சீனிவாசன் என்ற தமிழருடையது. ஆசிரியர் ஒரு கதை சொன்னார். 1998இல் வெளியிட்ட புதிய தாள்களில் தமிழுக்கு மேலே இந்தியை அச்சடித்துவிட்டார்கள். தமிழர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அந்தத் தாள்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டு, தமிழை மேலே வைத்து மறுபடி அச்சடித்தார்கள். "எங்களுள் பலர்க்கு அதனைப் படிக்கத் தெரியாது" என்றார் சிரித்துக்கொண்டே. நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை தலைநகர் போர்ட் லூயி. ஜான் கென்னடி தெருவில் எல்.ஐ.சி. கட்டடத்தில் இந்தியத் தூதரகம். "இங்கயும் எல்.ஐ.சி.யா!" என்று அத்தைக்கு ஒரே தெம்பு. எங்களுக்கு வேண்டியது எமர்ஜென்சி சர்டிபிகேட். புதுப் பாஸ்போர்ட்டுக்கு நேரம் இல்லாதவர்களுக்கு, இந்தியாவுக்கு ஒருவழிப் பயணத்துக்கு மட்டும் கொடுக்கும் தாள். விண்ணப்பம், போலீஸ் மெமோ, பழைய பாஸ்போர்ட் நகல், போட்டோ, விமான டிக்கெட் கேட்டார்கள். போட்டோ பாஸ்போர்ட் அளவு போதாது, இரண்டு அங்குலச் சதுரம், வெள்ளைப் பின்புலம். தெருமுனை ஸ்டூடியோக்காரர் அத்தையைச் சிரிக்கக் கூடாது என்று சொல்லி ஓய்ந்துபோனார். ஒன்று கவனியுங்கள்: தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பாஸ்போர்ட் செத்த மாதிரி. பிறகு கிடைத்தாலும் அதில் பயணம் செய்ய முடியாது. கையெழுத்துப் போடும் முன் இதை நன்றாகச் சொன்னார்கள். ஊரில் சரிபார்த்துவிட்டுத் தருவோம், நாளை விடுமுறை, புதன்கிழமை வாருங்கள் என்றார்கள். எங்களுடையது மும்பைக்கு நேர் விமானம். நடுவில் வேறு நாட்டில் மாறிப் போகிறவர்கள், இந்தத் தாளை அந்த நாடு ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

செவ்வாய்க்கிழமை காவடி. மலையடிவாரம் வரை ரோஜா நிற வெள்ளம். பூவும் எலுமிச்சம்பழமும் மயிலிறகும் கட்டிய காவடிகள், நாக்கிலும் முதுகிலும் வேல், ஆணிச் செருப்புப் போட்டு நடந்த ஒருவர். தமிழர் அல்லாதவர்களும் காவடி எடுத்து வந்தார்கள். பிப்ரவரி அங்கே நடுக்கோடை, தார் ரோடு கொதித்தது. அத்தைக்குத் தானும் பால் சொம்பு தூக்க வேண்டும் என்று ஆசை. விரதம் இருக்காமல் கூடாது என்று அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிறகு தன் சொம்பைக் காட்டி, எங்கள் இருவரையும் காட்டி, "பாஸ்போர்ட்" என்றார். எங்களுக்கும் சேர்த்துத்தான் சுமக்கிறாராம்.

எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறை. பரீட்சை, ஆஸ்பத்திரி, இரண்டுக்கும்தான் கும்பிடுவேன். அன்று மூன்று மணி நேரம் அந்தக் கூட்டத்தில் அக்காவின் தலைமேல் இருந்த சொம்பையே பார்த்துக்கொண்டு நடந்தேன். மலையேறி இறக்கியபோது பால் திரியாமல் இருந்தது. திரியாதிருந்தால் விரதம் சுத்தம் என்பது அவர்கள் கணக்கு. அக்கா சொம்பைச் சாய்த்து எனக்குக் காட்டினார். எப்படித் திரியவில்லை என்று எனக்கு விளங்கவில்லை, கேட்கவும் இல்லை.

அதன்பிறகு வாழையிலையில் ஏழு கறிச் சாப்பாடு. பூசணி, வாழைக்காய், பலா... கடைசியில் பாயசம். பக்கத்து இலையில் அக்கா சாப்பிட்டபடி, தான் பாடிய பாட்டில் ஒரு வரியைப் பாடிக் காட்டி, என்ன அர்த்தம் என்று சைகையில் கேட்டார். அவர் அதை நாற்பது வருடமாகப் பாடுகிறாராம். நான் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. அத்தைக்கும் தெரியவில்லை. ஊருக்குப் போய்க் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

புதன்கிழமை மதியம் சர்டிபிகேட் கையில் வந்தது. வியாழன் விமான நிலையத்தில், வந்தபோது நிரப்பிய ஆன்லைன் படிவத்தைப் போனில் காட்டினேன்; கணினியில் எங்கள் வருகையைப் பார்த்துவிட்டு விட்டார்கள். மும்பையில் அந்தத் தாளை வாங்கிக்கொண்டார்கள். அதற்கு முன் படமெடுத்து வைத்துக்கொண்டது நல்லதாயிற்று, புதுப் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போது மெமோவோடு சேர்த்துக் கொடுத்தேன். மற்றதெல்லாம் வழக்கமான அலைச்சல்.

பாட்டின் அர்த்தத்தை எங்கள் ஊர் ஓதுவாரிடம் கேட்டு, ஆசிரியருக்குக் குரல் செய்தியாக அனுப்பினேன். அவர் கிரியோலில் சொல்லியிருக்கிறார். "இத்தனை நாள் வேறு என்னமோ நினைத்திருந்தேன், அதுவும் நன்றாகத்தான் இருந்தது" என்று அக்கா பதில் அனுப்பினார்.

மஞ்சப் பையைச் சொல்ல விட்டுவிட்டேன். புதன்கிழமை இரவு, நாங்கள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போது, ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் இளைஞர் ஒருவர் ஆசிரியரோடு வந்து நின்றார். பஸ் கண்டக்டர். ஞாயிறு மாலை பையைப் பார்த்திருக்கிறார். பையில் அச்சடித்திருந்த எழுத்து அவருக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் கோயில் வாசலில் இருக்கும் எழுத்து அது என்று தெரியும். அதனால் அவர் வீட்டருகே இருந்த ஒரு கோயிலில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். அங்கிருந்து காவடிக் கூட்டத்தில் ஆள் மாற்றி ஆள் கேட்டுச் செய்தி ஆசிரியரிடம் வந்திருக்கிறது. ஆசிரியர் பையைப் பிடித்துக்கொண்டு "நன்றி, மீண்டும் வருக" என்று அவருக்குப் படித்துக் காட்டினார்.

இரண்டு பாஸ்போர்ட்டும் இருந்தன, ஒன்றுக்கும் உதவாமல். "முருகன் குடுத்துட்டான் பாத்தியா" என்றார் அத்தை. "ரெண்டு நாள் முன்னாடி குடுத்திருக்கலாம்" என்றேன். மாத்திரை இருந்தது, விபூதி இருந்தது, பணம் எண்ணினேன், ஒரு ரூபாய் குறையவில்லை. முறுக்கை மட்டும் காணோம்.

இளைஞர் தலையைச் சொறிந்துகொண்டு ஆசிரியரிடம் ஏதோ முணுமுணுத்தார். பிள்ளைகள், என்றார் ஆசிரியர்.

அத்தை என் முழங்கையை இடித்தார். "நல்லா இருந்துச்சான்னு கேளுடீ."