பார்க்லி ஸ்கொயரிலிருந்து ஹாக்னி வரை: 1902-ன் நானிகள் போன வழியில் லண்டன்

முதலில் ஒரு எச்சரிக்கை. மேஃபேர், ஹைட் பார்க் பக்கம் பூவும் விளக்கும் பாட்டுமாக நிற்கும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறாதீர்கள். ஏறும்போது "பத்து பவுண்ட்" என்பார். இறங்கும்போது அது ஆளுக்கு, அதுவும் சில நிமிஷத்துக்கு என்று கணக்கு மாறும். பத்து நிமிஷ தூரத்துக்கு நூறு பவுண்டுக்கு மேல் கேட்பது அங்கே புதிதல்ல. நம் பணத்தில் பத்தாயிரத்தைத் தாண்டும் அநியாயம் இது. இவற்றைக் கட்டுப்படுத்த 2024-ல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. ஏறித்தான் ஆகவேண்டும் என்றால் "மொத்தம் எவ்வளவு, எல்லாருக்கும் சேர்த்தா" என்று கேட்டு, போனில் எழுதிக் காட்டி, தலையாட்டிய பிறகு ஏறுங்கள். ஆனால் இந்தப் பயணத்துக்கு அந்த வண்டியே வேண்டாம். இது பெரும்பாலும் நடக்க வேண்டிய பயணம்.

பி.பி.சி. 1998-ல் ஒளிபரப்பிய "பார்க்லி ஸ்கொயர்" தொடரைப் பார்த்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பத்தே பகுதிகள். காலம் 1902. மேஃபேரின் பணக்கார வீடுகளில் வேலைக்கு வந்து சேரும் மூன்று நானிகளின், அதாவது சம்பளத்துக்குக் குழந்தை வளர்க்கும் பெண்களின், கதை: லண்டன் கிழக்குப் பகுதியிலிருந்து மேட்டி, டெவன் பண்ணை வீட்டிலிருந்து லிடியா, கைக்குழந்தையை ஒளித்து வைத்துக்கொண்டு பொய்யான சான்றுக் கடிதத்தோடு வரும் ஹன்னா. அந்தக் கடிதம்தான் அவர்கள் உலகத்தின் சாவி. முந்தைய எஜமானி கையெழுத்திட்டுக் கொடுத்த ஒரு தாள் இல்லையென்றால் எந்த வீட்டுக் கதவும் திறக்காது. வேலையை விட்டு அனுப்பும்போது கடிதம் தர மறுத்தாலே போதும், ஒரு பெண்ணின் பிழைப்பு முடிந்தது. இதை மனசில் வைத்துக்கொண்டு நடந்தால்தான் இந்த ஊர் புரியும்.

தொடருக்குப் பெயர் தந்த பார்க்லி ஸ்கொயர் சதுக்கத்துக்குப் பக்கத்து ஸ்டேஷன் கிரீன் பார்க். பிக்காடிலி, விக்டோரியா, ஜூபிலி என மூன்று பாதைகளும் அங்கே நிற்கும். ஐந்தாறு நிமிஷ நடை. உடைத்துச் சொல்கிறேன்: சதுக்கத்துக்கு அரை மணி நேரம் போதும். எந்த வீட்டுக்குள்ளும் போக முடியாது. எல்லாம் கிளப், அலுவலகம், கார் ஷோரூம். கிழக்குப் பக்கத்தை 1930-களில் இடித்துவிட்டு ஒரு மாபெரும் அலுவலகக் கட்டடம் கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் பார்த்தால் ஏமாற்றம்தான். மேற்குப் பக்கம் நில்லுங்கள். 44-ஆம் எண் வீடு கட்டடக் கலைஞர் வில்லியம் கென்ட் 1740-களில் கட்டியது. 45-ஆம் எண்ணில் ராபர்ட் கிளைவ் இருந்தார், 1774-ல் அங்கேயே செத்தார். சென்னைக் கோட்டையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, அங்கே செயின்ட் மேரி தேவாலயத்தில் கல்யாணமும் செய்துகொண்ட அதே கிளைவ். நம் ஊர்ப் பணம் எந்தத் தெருவில் போய் இறங்கியது என்பதற்கு அந்த வாசல் போதும்.

50-ஆம் எண் "பேய் வீடு". வழிகாட்டிகள் காசு வாங்கிக்கொண்டு இங்கேயே இருபது நிமிஷம் ஓட்டுவார்கள். தயவுசெய்து அதை விட்டுவிட்டுத் தலையை நிமிர்த்துங்கள். மேல்மாடி ஜன்னல்களைப் பாருங்கள். கீழே இருக்கும் ஜன்னல்கள் ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும், மேலே போகப் போகச் சிறுத்துவிடும். இந்த மாதிரி வீடுகளில் குழந்தைகளின் அறைகள் அந்த உச்சியில்தான். பகல் அறை ஒன்று, இரவு அறை ஒன்று. குழந்தை விழாமலிருக்க ஜன்னலுக்குக் கம்பி. சமையல் நடப்பதோ பாதாளத்தில். நாலைந்து மாடிகள், லிப்ட் கிடையாது. குழந்தைகளின் சாப்பாடு, குளிக்கிற வெந்நீர், கணப்புக்கு நிலக்கரி எல்லாம் வேலைக்காரிகள் சுமந்து ஏற வேண்டும். சமையல்காரிக்கும் நானிக்கும் ஏன் எப்போதும் ஆகவில்லை என்பதற்கு இந்தப் படிகளே காரணம். தட்டைத் தூக்கிக்கொண்டு ஏறுபவளுக்கு நானி எஜமானியும் அல்ல, தன்னைப் போன்ற வேலைக்காரியும் அல்ல. பெற்றவர்கள் குழந்தைகளைப் பார்ப்பது பெரும்பாலும் மாலைத் தேநீருக்குப் பிறகு ஒரு மணி நேரம். அதற்காகக் குளிப்பாட்டி, உடுத்தி, கீழே இறக்கிவிட வேண்டும்.

சதுக்கத்தின் நடுவே இருக்கும் பிளேன் மரங்கள் 1789-ல் நட்டவை. தொடரில் நடக்கும் எல்லாவற்றையும் பார்த்தவை என்று சொல்லக்கூடியது, உயிருள்ளவற்றில், இங்கே அவை மட்டும்தான். அவற்றின் நிழலில்தான் கன்டர் கடை ஐஸ் விற்றார்கள். டொமெனிகோ நெக்ரி என்ற இத்தாலியர் 1757-ல் தொடங்கிய கடை, பிறகு கன்டர் குடும்பத்துக்குப் போனது. சீமாட்டிகள் வண்டியை விட்டு இறங்க மாட்டார்கள். கடைப் பையன்கள் தெருவைக் கடந்து ஓடி வந்து வண்டிக்குள்ளேயே கொடுப்பார்கள். மல்லிகை, பெர்கமாட், ரொட்டித் துருவல், பார்மெசான் சீஸ் என்று அந்தக் காலத்து ஐஸ் வகைகளைக் கேட்டாலே நாக்கு ஊறுகிறது. கிழக்குப் பக்கத்தை இடித்தபோது கடையும் சதுக்கத்தை விட்டுப் போய்விட்டது. அதற்கு ஈடாக மேஃபேர் ஹோட்டல் ஒன்றில் மாலைத் தேநீர் குடிக்கலாமா என்று தோன்றும். தலைக்கு எழுபது பவுண்டுக்கு மேல், அதன் மேல் பன்னிரண்டரை சதவீதம் சேவைக் கட்டணம். வேண்டவே வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் சாண்ட்விச்சும் பழச்சாறும் வாங்கிக்கொண்டு, அருகே மவுன்ட் ஸ்ட்ரீட் தோட்டத்து பெஞ்சில் உட்காருங்கள். சேவைக் கட்டணம் பெரும்பாலும் கட்டாயமில்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். அப்படிப்பட்ட இடத்தில் பில்லிலிருந்து எடுக்கச் சொல்லலாம்.

இனி ஹைட் பார்க் பூங்கா. சதுக்கத்தின் மேற்கிலிருந்து ஹில் ஸ்ட்ரீட் வழியாக நடங்கள். இடையில் ஹேஸ் மியூஸ் என்ற சந்து வரும், குதிரை லாயங்கள் இருந்த இடம். குழந்தை வண்டி தள்ளுகிறவர்களுக்கு இந்தத் தெருக்கள் நல்ல பாடம். அன்றைய வண்டிகள் கோச்சு கட்டுபவர்களின் தொழில்நுட்பம்: ஆழமான மர உடல், தோல் வாரில் தொங்கும் அமைப்பு, பெரிய சக்கரங்கள். சமதளத்தில் தொட்டில்போல ஆடிப் போகும். நடைபாதை விளிம்பில் ஏற்ற வேண்டுமென்றால் கைப்பிடியைக் கீழே அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். பூங்காவை ஒட்டி ஓடும் பார்க் லேன் இன்று பெரும் நெடுஞ்சாலை. 1960-களின் தொடக்கத்தில் பூங்காவின் ஓரத்தைக் கடித்து அகலமாக்கினார்கள். சிக்னலில் இரண்டு கட்டமாகக் கடக்க வேண்டும், அவசரப்படாதீர்கள். சுரங்கப் பாதையில் இறங்கினால் வழி தவறும்.

ஹைட் பார்க்கில் சர்ப்பன்டைன் ஏரியின் கரையோடு மேற்கே போய், பாலத்தைத் தாண்டினால் கென்சிங்டன் கார்டன்ஸ். இதுதான் நானிகளின் ராஜ்ஜியம். வட்டக் குளம், பிராட் வாக், மலர்ப் பாதை எல்லாம் காலையும் மாலையும் வண்டிகளால் நிறைந்திருக்கும். நானிகள் ஒருவரையொருவர் எஜமானரின் குடும்பப் பெயரால் அழைத்துக்கொண்டார்கள். எஜமானருக்குப் பட்டம் பெரிதென்றால் நானிக்கும் மரியாதை பெரிது. இங்கேதான் எழுத்தாளர் ஜே. எம். பாரி, லூவெலின் டேவிஸ் பையன்களை அவர்களின் நானி மேரி ஹாட்ஜ்சனோடு சந்தித்தார். அவர் கதையில் வரும் வளராத சிறுவன் பீட்டர் பான் அந்தச் சந்திப்பிலிருந்து பிறந்தவன். 1902-ல் பாரி பூங்காவுக்கு எதிரேயே, 100 பேஸ்வாட்டர் சாலைக்குக் குடிவந்தார். பீட்டர் பான் சிலையோ 1912-ல் வந்தது. நம் மூன்று நானிகள் அதைப் பார்த்திருக்க முடியாது. நுழைவு இலவசம். ஆனால் இருட்டினால் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். டிசம்பரில் அது நாலே கால் மணிக்கே நடந்துவிடும்.

பூங்காவின் மேற்கே நாட்டிங் ஹில்லில் எமிலி வார்ட் 1892-ல் நார்லாண்ட் பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். நானி வேலைக்கு முறையான படிப்பு, குழந்தையை அடிக்கக் கூடாது என்ற கட்டளை, இரண்டுமே அன்று புதுமை. மேட்டி போன்ற பெண்கள் சிறுவயதிலேயே குழந்தைகள் அறைக்கு எடுபிடியாகச் சேர்ந்து பார்த்துப் பார்த்துக் கற்றவர்கள். சான்றுக் கடிதத்தை நம்பியே வாழ்ந்த ஒரு தொழிலில், படித்து வாங்கிய சான்றிதழ் எவ்வளவு பெரிய விடுதலை! நிலையம் இப்போது பாத் நகரத்தில் இருக்கிறது.

கிழக்கு லண்டனில் இருக்கும் ஹாக்னியை யாரும் விடக்கூடாது. பார்க்லி ஸ்கொயரைப் பார்த்துவிட்டு இதைப் பார்க்காமல் போவது பாதிக் கதை.

ஆக்ஸ்ஃபோர்டு சர்க்கஸ் பக்கமிருந்து 55-ஆம் எண் பஸ் போகும். நெரிசல் நேரத்தில் ஏறவே ஏறாதீர்கள். மாடி முன்சீட்டு கிடைத்தாலும், ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு யுகம் போகும். சென்ட்ரல் லைனில் பெத்னல் கிரீன் இறங்குங்கள். ஸ்டேஷனுக்கு அருகிலேயே குழந்தைகளுக்கான யங் வி அண்ட் ஏ அருங்காட்சியகம், இலவசம். அங்கே இருக்கும் பொம்மை வீடுகளைக் கூர்ந்து பாருங்கள். மேஃபேர் வீட்டுக்குள் விடமாட்டார்கள், ஆனால் இங்கே வீடு மொத்தமும் முன்சுவர் இல்லாமல் திறந்திருக்கும். பிறகு கேம்பிரிட்ஜ் ஹீத் சாலையில் வடக்கே நடந்து, கால்வாயைத் தாண்டி, மேர் தெருவில் போனால் வலப்பக்கம் கிங் எட்வர்ட்ஸ் சாலை. மொத்தம் இருபது நிமிஷம்.

26-ஆம் எண் வீட்டுச் சுவரில் நீல வட்டப் பலகை, 2022-ல் வைத்தது. 1900 முதல் 1921 வரை ஆயாக்கள் இல்லம் இங்கே இருந்தது. இந்தியாவிலிருந்து கப்பலில் திரும்பும் ஆங்கிலக் குடும்பங்கள் வழியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆயாவை அழைத்து வருவார்கள். சென்னையிலிருந்தும் வந்தார்கள். லண்டன் வந்து சேர்ந்ததும் சிலர் அவளைக் கைவிட்டார்கள். இல்லத்தின் ஏற்பாடு இப்படி: குடும்பம் ஆயாவின் திரும்பும் டிக்கெட்டை இல்லத்தை நடத்தும் மேட்ரனிடம் கொடுக்கும். இந்தியாவுக்குப் போகும் வேறொரு குடும்பத்துக்கு ஆயா தேவைப்பட்டால், மேட்ரன் அந்த டிக்கெட்டை அவர்களுக்கு விற்று அவளை அவர்களோடு அனுப்புவார். கிளம்பும்வரை அந்தப் பணத்தில் அவள் செலவு நடக்கும். டிக்கெட் இல்லாமல் விடப்பட்டவளுக்கு அடுத்த குடும்பம் கிடைக்கும்வரை காத்திருப்புதான். ஹன்னாவால் ஒரு கடிதத்தைப் போலியாகவாவது எழுத முடிந்தது. இந்தப் பெண்களுக்கு அந்த வழியும் இல்லை. தொடர் காட்டும் அதே 1902-ல் இந்த இல்லம் இயங்கிக்கொண்டிருந்தது. இந்தக் கதைக்கும் பத்துப் பகுதி எடுக்கலாம், எடுக்க வேண்டும்.

அது இப்போது மக்கள் குடியிருக்கும் வீடு. மணியடிக்காதீர்கள், ஜன்னலுக்குள் படமெடுக்காதீர்கள். பசித்தால் மேர் தெருவிலேயே வியட்நாம் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. சூடான எலும்புச் சாறு, அரிசி நூடுல்ஸ், மேலே பச்சைக் கொத்துமல்லி, பிழிந்த எலுமிச்சை. லண்டன் குளிரில் இதற்கு நிகரே இல்லை. மேஃபேரில் ஒருவர் தேநீர் குடிக்கும் காசில் இங்கே நாலு பேர் வயிறாரச் சாப்பிடலாம்.

செலவு பற்றி. பஸ் கட்டணம் நான் போனபோது 1.75 பவுண்ட், ஒரு மணி நேரத்துக்குள் வேறு பஸ் மாறினால் இலவசம். பஸ்ஸில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். நம் வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் தொட்டுச் செலுத்தும் வசதியையும் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ஆப்பில் தனித்தனியாக இயக்கி வையுங்கள். ஒருவருக்கு ஒரு அட்டை வேண்டும். ரயிலில் எந்த அட்டையைத் தொட்டு உள்ளே போனீர்களோ அதையே தொட்டு வெளியே வாருங்கள். உள்ளே போனால் போன், வெளியே வந்தால் அட்டை என்று மாற்றினால் இரண்டிலும் உச்சக் கட்டணம் பிடித்துவிடும். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட்டால் போதும்.

குளிர்காலத்தில் போகிறவர்கள் நான் சொன்ன வரிசையைத் திருப்பிப் போடுங்கள். காலை பத்து மணிக்கு அருங்காட்சியகம் திறக்கும்போதே பெத்னல் கிரீன், அடுத்து ஹாக்னி, மதியச் சாப்பாட்டை அங்கேயே முடித்துக்கொண்டு ரயிலில் லங்காஸ்டர் கேட், வெளிச்சம் இருக்கும்போதே பூங்கா. பார்க்லி ஸ்கொயரை இருட்டில் பார்த்தாலும் நஷ்டமில்லை.